ஜூலன் கோஸ்வாமி: 355 விக்கெட்டுக்கு அப்புறம்

#1 எல்லைக்கோடு

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2025 நவம்பர் 2, நவி மும்பை, பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதியை மறுபடியும் ஓடவிட்டேன். தீப்தியின் பந்தில் நம்ம கேப்டன் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப் பிடித்த கேட்ச், தென்னாப்பிரிக்கா 246-க்கு ஆல் அவுட், 52 ரன் வெற்றி. அதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். நான் காத்திருந்தது அதற்கு அப்புறம் வரும் காட்சிக்காக. அணியினர் கோப்பையைக் கொண்டுபோய் மைதானத்தில் நின்றிருந்த பழைய ஆட்டக்காரர்கள் கையில் கொடுப்பார்கள். மிதாலி, அஞ்சும் சோப்ரா, வேகப்பந்து வீச்சாளர் ஜூலன். ஜூலன் ஹர்மன்பிரீத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுவார்.

ஐந்து உலகக் கோப்பை ஆடியவர். இரண்டு இறுதிப் போட்டியில் தோற்றவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, சீருடை இல்லாமல் நிற்கும்போது கோப்பை கைக்கு வருகிறது.

அந்தக் காட்சியைப் பற்றி ஏற்கனவே நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி. ஆட்டக்காரராக அவர் யார் என்பதில் சண்டை இல்லை. ஆனால் 2023-லிருந்து பெண்கள் பிரீமியர் லீக்கில் மும்பை இந்தியன்ஸ் அணியின் வழிகாட்டி, பந்துவீச்சுப் பயிற்சியாளர். அதில் இரண்டு கோப்பை, 2023, 2025. அதற்கு முன்பே வங்காளப் பெண்கள் அணிக்கு வழிகாட்டி. இந்த இரண்டாவது ஆட்டத்தை எப்படி மதிப்பிடுவது? பெரிய பெயர் என்பதற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்களா, நிஜமாகவே வேலை செய்கிறாரா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

முதலில் கணக்கைப் போட்டுவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

ஒருநாள்: 204 ஆட்டம், 255 விக்கெட், சராசரி 22.04, ஓவருக்கு 3.37 ரன். டி20: 68 ஆட்டம், 56 விக்கெட். டெஸ்ட்: 12 ஆட்டம், 44 விக்கெட். மொத்தம் 355. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் முதலில் 200 விக்கெட் எடுத்தவர் (2018 பிப்ரவரி, கிம்பர்லி), முதலில் 250 எடுத்தவர் (2022 உலகக் கோப்பை, இங்கிலாந்துக்கு எதிராக). ஒருநாள் ஆட்டங்களில் மட்டும் அவர் போட்ட பந்துகள் 10,005. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் முட்டியும் இடுப்பும் இருபது வருஷம் தாங்கியிருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

எனக்கு இதில் எப்போதும் உறுத்தும் எண் அந்த 12 டெஸ்ட். 2006 ஆகஸ்ட் கடைசியில் டான்டன் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 33 ரன்னுக்கு 5 விக்கெட், 45-க்கு 5. ஆட்டத்தில் 78-க்கு 10. இங்கிலாந்தை டெஸ்டில் இந்தியப் பெண்கள் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அப்போது ஜூலனுக்கு வயது 23. சரி, அடுத்த டெஸ்ட் எப்போது ஆடினார்?

2014 ஆகஸ்ட், வோர்ம்ஸ்லி. வயது 31.

பத்து விக்கெட் எடுத்தவளை எட்டு வருஷம் வெள்ளைச் சட்டை போடவே விடவில்லை. அவரை யாரும் அணியிலிருந்து தூக்கவில்லை. இந்தியப் பெண்களுக்கு டெஸ்டே வைக்கவில்லை, அவ்வளவுதான். 2006 வரை எட்டு டெஸ்ட் ஆடியவர், அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரை பதினாறு வருஷத்தில் ஆடியது நான்கு.

#3 லெக்கட்டர் மணி

எல்லைக்கோடு தம்பி, கேள்வி நல்ல கேள்வி. பதில் உனக்குப் பிடிக்காது.

பெரிய ஆட்டக்காரர் எல்லாம் பெரிய பயிற்சியாளர் ஆகிவிட மாட்டார். ஆண்கள் கிரிக்கெட்டில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம். தானாக வந்த திறமையை அடுத்தவனுக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது. "சும்மா ஓடி வந்து போடு, விழும்" என்பார்கள். அவனுக்கு விழாது.

மும்பை இந்தியன்ஸ் கணக்கு இன்னும் வேடிக்கை. நாட் சிவர்-பிரண்ட், ஹேலி மேத்யூஸ், அமீலியா கெர், ஹர்மன்பிரீத். இந்த நாலு பேரையும் ஒரே அணியில் போட்டால் கூல்டிரிங்க்ஸ் கொண்டுபோகிறவன்கூட கோப்பை ஜெயித்த பயிற்சியாளர் ஆகிவிடலாம். 2023 இறுதிப் போட்டியில் இசி வோங் எடுத்த மூன்று விக்கெட்டும் ஃபுல்டாஸ், தரையில் குத்தாமல் நேராக வந்த பந்து. ஷஃபாலி, கேப்சி, ஜெமிமா மூன்று பேரும் ஃபுல்டாஸை அடித்துக் கேட்ச் கொடுத்தார்கள். அதையும் ஜூலன்தான் சொல்லிக்கொடுத்தாரா?

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவர் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது எங்கள் சென்னையில்தான், 2002 ஜனவரி 6, இங்கிலாந்துக்கு எதிராக. அன்றைக்கு நான் சென்னையில்தான் இருந்தேன். இப்படி ஒரு ஆட்டம் நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது.

#4 நைட்வாட்ச்மேன்

மணி அண்ணே, ஃபுல்டாஸ் பாயின்ட் 😂

ஆனால் நான் ஒரே ஒரு பந்தைப் பார்த்துத்தான் பெண்கள் கிரிக்கெட் பக்கம் வந்தேன். 2017 உலகக் கோப்பை, டெர்பியில் ஆஸ்திரேலியாவோடு அரையிறுதி. ஹர்மன்பிரீத் 171 அடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு மெக் லேனிங்கை ஜூலன் பூஜ்யத்தில் போல்டு எடுத்த பந்து இருக்கிறதே! அப்போது உலகத்திலேயே சிறந்த பேட்டர். ஸ்டம்ப் பறந்ததும் லேனிங் நின்ற இடத்திலேயே ஒரு நொடி நிற்பார். என்ன நடந்தது என்று அவருக்கே புரியவில்லை.

#5 சீம் நிமிர்ந்து

மணி சார், பயிற்சியாளர் செய்கிற வேலை வெளியிலிருந்து தெரியாது என்பது உண்மைதான். அதனால் அப்படி ஒரு வேலையே இல்லை என்று ஆகிவிடாது.

நான் மாவட்ட அளவில் சில வருஷம் வேகப்பந்து போட்டவள். இப்போது சாயங்காலங்களில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறேன். என் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி எல்லாம் பையன்களுக்குச் சொல்லி மிச்சம் இருந்ததுதான். நான் போன பயிற்சி முகாம் ஒன்றில் எங்களுக்குத் தனிப் பந்துகூடத் தரவில்லை. பையன்கள் அடித்துத் தேய்த்த பழைய பந்து. அது எடையும் அதிகம்.

எடையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆண்கள் பந்து 156-லிருந்து 163 கிராம். பெண்கள் பந்து 140-லிருந்து 151. சுற்றளவும் கொஞ்சம் சின்னது. விரலுக்கு அடியில் உட்காரும் விதமே வேறு. ஆடுகளம் மட்டும் இரண்டு பேருக்கும் அதே 22 கெஜம். வேகம் குறைவு என்பதால், ஆண்கள் "நல்ல லென்த்" என்று சொல்லும் இடத்தில் நாங்கள் குத்தினால் பேட்டருக்குப் பின்காலில் போய் வெட்ட நேரம் கிடைத்துவிடும். ஒரு முழம் முன்னே போட வேண்டும், ஸ்டம்பைக் குறிவைத்தே போட வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜூலன் போடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஐந்தடி பதினொரு அங்குலம். கை காதை உரசிக்கொண்டு நேர் உச்சியிலிருந்து வரும். சீம், அதாவது பந்தின் தையல், அப்படியே நிமிர்ந்து நிற்கும் (என் புனைபெயர் அங்கிருந்து எடுத்ததுதான்). வலக்கை பேட்டருக்கு உள்ளே வரும் பந்துதான் அவருக்குச் சோறு. எப்போதாவது ஒன்று நேராக நின்றுவிடும். அதில்தான் ஆட்கள் போவார்கள். லேனிங் போனதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தம்பி, மறுபடி பார்த்துச் சொல்.

இன்னொன்று கவனியுங்கள். அவர் ஓடி வரும் வேகம் கடைசி நாலு எட்டிலும் கூடுவதே இல்லை. முதல் ஓவரிலும் பத்தாவது ஓவரிலும் ஒரே தாளம். என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் கிரீஸ் கிட்டே வந்ததும் பாய்வார்கள். முன்கால் குறுக்கே விழும், இடுப்பு திரும்பும், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகும். வேகம் கூடியிருக்காது, முதுகு வலி மட்டும் மிச்சம். பத்தாயிரம் பந்து போட்ட உடம்பு எதைச் செய்யாமல் விட்டது என்று பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

"தானாக வந்த திறமை" என்றீர்கள். ஜூலனுக்கு எதுவும் தானாக வரவில்லை.

#6 எல்லைக்கோடு

அதைத்தான் சொல்ல வந்தேன். நதியா மாவட்டத்தில் சக்தாஹா ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கொல்கத்தா விவேகானந்தா பூங்காவுக்கு, ஸ்வபன் சாது என்ற பயிற்சியாளரிடம், விடிவதற்கு முன்னே ரயிலேறிப் போவார். ரயில் தவறினால் அன்றைக்குப் பயிற்சி போச்சு. "சக்தா எக்ஸ்பிரஸ்" என்று பிறகு பட்டப்பெயர் வைத்தார்கள். பந்தின் வேகத்துக்காக வைத்த பெயர்தான், ஆனால் அந்த ரயிலுக்கும் சேர்த்துப் பொருந்தும்.

1997 டிசம்பர் 29, ஈடன் கார்டன்ஸ், பெண்கள் உலகக் கோப்பை இறுதி, ஆஸ்திரேலியா நியூசிலாந்து. அன்றைக்கு எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கிப் போட்ட பிள்ளைகளில் ஒருத்தி 15 வயது ஜூலன். பெலின்டா கிளார்க் அணி கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வந்ததைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆஸ்திரேலிய அணியில் வேகப்பந்து போட்டவர் கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக். இருபது வருஷம் கழித்து, 2017 மே மாதம், ஒருநாள் விக்கெட்டில் ஜூலன் முறியடித்த 180 யாருடையது? அதே ஃபிட்ஸ்பாட்ரிக்.

இப்போது 2025 ஜனவரியிலிருந்து அதே ஈடன் கார்டன்ஸில் ஒரு பார்வையாளர் பகுதிக்கு ஜூலன் பெயர்.

#7 கணக்குப்பிள்ளை

ஃபிட்ஸ்பாட்ரிக் பெயர் வந்தது நல்லதாகப் போயிற்று. மணி சார், உங்கள் வாதத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. 2012-லிருந்து 2015 வரை ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். 2012 டி20 உலகக் கோப்பை, 2013 உலகக் கோப்பை, 2014 டி20 உலகக் கோப்பை. மூன்றையும் வாங்கினார்கள். அவரும் "சும்மா ஓடி வந்து போடும்" வகைதானே?

மும்பை விஷயத்துக்கும் வருகிறேன். நீங்கள் சொன்ன நாலு நட்சத்திரம் சரி. சாய்கா இஷாக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? கொல்கத்தாப் பெண், இடக்கை சுழல். 2023 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சத்துக்கு மும்பை வாங்கியது. வெளியே பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அந்த சீசனில் 15 விக்கெட். டிசம்பரில் இந்திய அணியில். அந்தச் சமயத்தில் வங்காள அணிக்கும் மும்பைக்கும் இரண்டு இடத்திலும் இருந்தவர் ஜூலன். ஏல மேசையில் அந்தப் பெயரை யார் சொன்னார் என்று நான் பார்க்கவில்லை, ஊகிக்கச் சிரமமும் இல்லை.

அதே சீசனில் வோங் 15, கெர் 15, மேத்யூஸ் 16. ஒரே அணியில் நாலு பேர் 15-ஐத் தொட்டிருக்கிறார்கள். ஃபுல்டாஸுக்கு மூன்று விக்கெட் விழுந்தது அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆட்டத்தில் உ.பி. வாரியர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தவரும் அதே வோங்தான், போட்டித் தொடரின் முதல் ஹாட்ரிக்.

#8 லெக்கட்டர் மணி

ஃபிட்ஸ்பாட்ரிக்கை மறந்துவிட்டேன், அது என் தப்பு.

ஆனால் அவர் தலைமைப் பயிற்சியாளர். தோற்றால் அவர் தலை போகும். ஜூலன் இருப்பது இரண்டாவது நாற்காலி. 2023-இலும் 2025-இலும் மும்பையின் தலைமைப் பயிற்சியாளர் ஷார்லட் எட்வர்ட்ஸ். 2006 டான்டனில் இங்கிலாந்து கேப்டனாக இருந்து ஜூலனிடம் அடி வாங்கியவரே, பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்த கதைதான். கோப்பை எட்வர்ட்ஸ் கணக்கில் போகும். அந்தப் பெருமையோடுதான் அவர் 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் பொறுப்புக்குப் போனார். 2024-இல் பெங்களூரிடம் ஐந்து ரன்னில் தோற்று வெளியே வந்தார்களே, அன்றைக்கு ஜூலனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. திட்டு வாங்காத இடத்தில் இருப்பவரை எப்படி அளப்பது?

#9 நைட்வாட்ச்மேன்

பார்த்துவிட்டேன் அக்கா. உள்ளே வருகிற மாதிரி கோணத்தில் வந்து நேராகிறது, ஆஃப் ஸ்டம்ப். நீங்கள் சொன்னதுதான்.

அப்படியே அந்த ஆண்டு இறுதிப் போட்டியையும் பார்த்துத் தொலைத்தேன். லார்ட்ஸ், 10 ஓவர் 3 மெய்டன் 23 ரன் 3 விக்கெட். டெய்லர், வில்சன் அடுத்தடுத்த பந்தில், அப்புறம் அரைசதம் அடித்த சிவர். இங்கிலாந்தை 228-இல் நிறுத்தி வைத்தார். நாம் 191-க்கு 3 என்று இருந்தோம்! 219-க்கு ஆல் அவுட். ஒன்பது ரன். இதற்கு மேல் எழுத மாட்டேன், வயிறு எரிகிறது.

#10 சீம் நிமிர்ந்து

மணி சார் கேட்ட "எப்படி அளப்பது" நியாயமான கேள்வி. என்னிடம் எண் இல்லை. ஒரு ஓவர் இருக்கிறது.

2021 செப்டம்பர் 24, மெக்காய், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது ஒருநாள். ஆஸ்திரேலியா அதற்கு முன் 25 ஒருநாள் ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. கடைசி ஓவரில் 13 வேண்டும், பந்து ஜூலன் கையில். பனி. பந்து சோப்புக்கட்டி மாதிரி. கடைசிப் பந்தில் மூன்று ரன் வேண்டும். யார்க்கர் (பேட்டரின் காலடியில் குத்தும் பந்து) போடப் போய் கை வழுக்கி, ஃபுல்டாஸாக இடுப்பு உயரத்துக்கு வருகிறது. நிக்கோலா கேரி அடிக்கிறார், கேட்ச். இந்தியா குதிக்கிறது. அப்புறம் நடுவர்கள் மூன்றாவது நடுவரிடம் போகிறார்கள். உயரம் அதிகம், நோ-பால், அந்த கேட்ச் செல்லாது. மறுபடி ஒரு பந்து, இரண்டு ரன், எடுத்துவிட்டார்கள். ஆட்டம் போயிற்று, 26 ஆகிவிட்டது.

அப்போது அவருக்கு 38 வயது. உலகத்திலேயே அதிக விக்கெட். அந்த முகத்தை நிறுத்திப் பாருங்கள்.

இரண்டே நாள். செப்டம்பர் 26, அதே மைதானம், மூன்றாவது ஆட்டம். 37-க்கு 3. 265 துரத்தலில் எட்டு விக்கெட் போன நிலையில் வெற்றி ரன்னை பவுண்டரியாக அடித்ததும் அவரே. ஆட்டநாயகி. 26 ஆட்டத் தொடர் அங்கே நின்றது.

நான் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துத்தான் காட்டுவேன், தனித்தனியாகக் காட்ட மாட்டேன். அப்புறம் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, பந்தை முக்கி எடுத்துக் கையில் கொடுப்பேன். ஸ்டம்புக்கு முன்னால் ஒரு பழைய ஷூ. அதில் ஆறு பந்தில் இரண்டு பட்டால் வீட்டுக்குப் போகலாம். முதல் நாள் எல்லோருக்கும் தலைக்கு மேலே போகும். ஈரப் பந்தை விரலை இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள், அது இன்னும் வழுக்கும். உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி, விரலுக்கு நடுவில் இடைவெளி விட்டுப் பிடித்தால் பரவாயில்லை என்று அவர்களாகவே கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

இளம் பந்துவீச்சாளர் ஒருத்தி லீக்கில் கடைசி ஓவரில் இடுப்பு உயர ஃபுல்டாஸ் போட்டுவிட்டு முகம் வெளுத்து எல்லைக்கோட்டுக்கு வந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் மெக்காயில் நின்றவர். "எனக்கும் நடந்தது" என்று சொல்ல அவருக்கு வாய் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இதற்கு நீங்கள் என்ன எண் போடுவீர்கள்?

#11 கணக்குப்பிள்ளை

எண் போட முடியாது. ஆனால் அக்கா, நீங்கள் சொன்னது எனக்கு அந்த எட்டு வருஷத்தோடு போய் ஒட்டுகிறது. 23-லிருந்து 31 வரை ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு நீண்ட ஸ்பெல் போட வாய்ப்பே இல்லை. பக்கத்தில் நின்று "இப்போது பந்து பழசாகிவிட்டது, ரிவர்ஸ் ஸ்விங் பார்" என்று சொல்ல மூத்த வேகப்பந்து வீச்சாளரும் இல்லை. இந்தியப் பெண்கள் அணியில் எப்போதும் சுழலுக்குத்தான் ராஜ்ஜியம். 2005 உலகக் கோப்பையில் தொடரிலேயே அதிக விக்கெட், 20, எடுத்தவர் நீத்து டேவிட், இடக்கை சுழல். ஜூலனுக்கு 13. அந்த அணிக்குப் பயிற்சியாளர் சுதா ஷா, தமிழ்நாட்டுக்கு ஆடியவர், அதை இங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை என்பது நமக்கு இழுக்கு.

ஆக, தனியாகக் கற்றுக்கொண்டவர். தனியாகக் கற்றவரிடம் ஒவ்வொரு அடியும் நினைவில் இருக்கும். மணி சார் சொன்ன "தானாக வந்தது, சொல்லத் தெரியாது" வகைக்கு இவர் நேர் எதிர்.

#12 புல்லட்புரூஃப்

லார்ட்ஸ் 2022 கடைசி ஆட்டத்தை யாரும் சொல்லவில்லையே? 30-க்கு 2, இந்தியா 16 ரன்னில் ஜெயித்து 3-0. ஆனால் மறுநாள் எல்லா இடத்திலும் தீப்தி சார்லி டீனை எதிர்முனையில் ரன் அவுட் செய்தது சரியா தப்பா என்றுதான் பேச்சு. என்னைக் கேட்டால் டீன்

#13 மட்டுறுத்துநர்

அந்த ரன் அவுட்டுக்குத் தனி இழை இருக்கிறது. 41 பக்கம். அங்கே போய்த் தொடரவும். மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி அங்கே நகர்த்தப்பட்டது.

#14 நைட்வாட்ச்மேன்

😂😂 பாவம் ஜூலன், ஓய்வு பெற்ற அன்றைக்கும் தலைப்புச் செய்தி அவருக்கு இல்லை. இன்னொரு கொடுமை, அவர் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஆண்களுக்குக் கொடுக்கும் அதே ஆட்டச் சம்பளம் பெண்களுக்கும் என்று அறிவித்தார்கள். டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6, டி20-க்கு 3. இருபது வருஷம் ஆடிவிட்டு ஒரு மாதத்தில் தவறவிட்டார்.

#15 எல்லைக்கோடு

இவ்வளவு பேசியாயிற்று, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்திய அணியில் ஏன் இல்லை? 2025 உலகக் கோப்பையில் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆவிஷ்கார் சால்வி, தலைமை அமோல் மஜும்தார். அவர்கள் ஜெயித்துக் காட்டினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் 2017 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் முன்னால், பூர்ணிமா ராவை மாற்றியதிலிருந்து கணக்கெடுங்கள். துஷார் அரோத்தே, ரமேஷ் பவார், நம்ம டபிள்யூ.வி. ராமன், மறுபடி பவார், அப்புறம் மஜும்தார். நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக ஒரு பெண்கூட இல்லை. அதற்கு முன்னால் சுதா ஷா, அஞ்சு ஜெயின், பூர்ணிமா ராவ் என்று இருந்திருக்கிறார்கள். பணமும் கவனமும் இல்லாத காலத்தில் பெண்கள் கையில் கொடுத்தார்கள். இரண்டும் வந்ததும் கை மாறிவிட்டது.

#16 லெக்கட்டர் மணி

அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி, ஆனால் மறுக்க முடியவில்லை. ராமன் நல்ல வேலை செய்தார் என்பதையும் எழுதிவிட்டுப் போகிறேன், 2020 டி20 உலகக் கோப்பையில் இறுதி வரை போனது அவர் காலத்தில்தான்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மெக்காய் இரண்டு ஆட்டத்தையும் நேற்று உட்கார்ந்து பார்த்தேன். சீம் நிமிர்ந்து சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்த மாதிரி ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். ஆனாலும் இரண்டாவது நாற்காலியிலிருந்து முதல் நாற்காலிக்கு வந்து, தோற்று, மறுநாள் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து பதில் சொன்ன பிறகுதான் நான் பயிற்சியாளர் ஜூலன் என்று முழு மனதோடு சொல்வேன். முதலில் வங்காளத்துக்கோ, ஏதாவது லீக் அணிக்கோ முழுப் பொறுப்பு எடுக்கட்டும்.

#17 சீம் நிமிர்ந்து

அதில் எனக்கும் உங்களுக்கும் தூரம் இல்லை சார். ஒரே ஒரு சின்ன மாறுபாடு. எல்லோரும் தலைமைப் பயிற்சியாளர் ஆகத்தான் வேண்டும் என்று இல்லை. பந்துவீச்சாளரோடு வலையில் நிற்பது ஒரு முழு வேலை. தேர்வு, கூட்டம், பத்திரிகை என்று போனால் அதற்கு நேரம் இருக்காது. அவர் அங்கேயே இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

2022 உலகக் கோப்பை கடைசி லீக் ஆட்டம் நினைவிருக்கிறதா? கிரைஸ்ட்சர்ச், தென்னாப்பிரிக்கா. விலா தசைப்பிடிப்பால் ஜூலன் ஆடவில்லை. கடைசி ஓவரில் தீப்தி நோ-பால், கடைசிப் பந்தில் தோல்வி, வெளியே. அவர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கடைசி உலகக் கோப்பை அப்படித்தான் முடிந்தது. ஒரு பந்துகூடப் போட முடியாமல் அடுத்தவர் போடுவதைப் பார்ப்பதற்கு அன்றைக்கே பழகியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தீப்திதான் நவி மும்பையில் 39-க்கு 5.

#18 நைட்வாட்ச்மேன்

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை.

வேறு ஒரு உதவி. 2006 டான்டன் டெஸ்ட் வீடியோ யாரிடமாவது இருக்கிறதா? பத்து விக்கெட்டில் ஒன்றாவது பார்க்க வேண்டும். தேடித் தேடி ஸ்கோர்கார்டுதான் வருகிறது.

#19 கணக்குப்பிள்ளை

எனக்கும் ஸ்கோர்கார்டுதான் கிடைத்தது. பத்து வருஷமாகத் தேடுகிறேன்.

வோர்ம்ஸ்லி 2014 வேண்டுமானால் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன். அதில் முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்தை 92-க்குச் சுருட்டியது நம்ம சென்னை நிரஞ்சனா நாகராஜன், 19-க்கு 4. மறுமுனையில் ஜூலன். வேகப்பந்து வீச்சாளர் இருவர் சேர்ந்து போட்ட அருமையான வேலை. அதற்குத் தனி இழை தொடங்கலாமா?

#20 சீம் நிமிர்ந்து

தொடங்குங்கள். டான்டன் வீடியோ யாருக்குக் கிடைத்தாலும் முதலில் எனக்கு அனுப்புங்கள், பிள்ளைகளிடம் காட்ட வேண்டும். 23 வயதில் அந்த ரன்-அப்பின் கடைசி நாலு எட்டு எப்படி இருந்தது என்று பார்க்க எனக்கே ஆசை.